சிவப்பணு உருவம் மாறினா பழையபடி வருமா?

நீங்க எழுதினதை நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி: அம்மாவுக்கு 58 வயசு, ரொம்ப வருஷமா சுகர் இருக்கு, அசதியா இருக்குன்னு ரத்தம் குடுத்து பாத்ததுல ஹீமோகுளோபின் 9.1, கூடவே ஸ்மியர், அதாவது கண்ணாடியில ரத்தத்தை மெல்லிசா இழுத்து மைக்ராஸ்கோப்ல பாக்குற டெஸ்ட், அந்த ரிப்போர்ட்ல அனைசோபோய்கிலோசைட்டோசிஸ், பென்சில் செல், அங்கங்க பர் செல்னு போட்டிருக்காங்க, நெட்ல தேடினா பர் செல்னாலே கிட்னி போயிடுச்சுங்கிற மாதிரி வருது, சொந்தக்காரர் ஒருத்தர் ரத்தம் ஏத்திடுங்க ஆனா பழைய ரத்தம் வாங்காதீங்கன்னு சொல்றார். இத்தனைக்கும் நடுவுல நீங்க உண்மையில கேக்குறது ஒரே கேள்விதான், சிவப்பணு உருவம் மாறிட்டா அந்த செல்லோட கதை முடிஞ்சுதா, இல்ல திரும்ப பழையபடி வருமா.

ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தையில சொல்ல முடியாத கேள்வி இது, ஏன்னா உருவம் மாறுறது சிவப்பணுவோட அன்றாட வேலை, ஒவ்வொரு நிமிஷமும் அது மாறிட்டு திரும்பிட்டுதான் இருக்கு, மாற முடியாம போனாலோ மாறிட்டு திரும்ப முடியாம போனாலோதான் நோய். நான் பேத்தாலஜி படிச்சிட்டு பல வருஷமா லேப்ல ஸ்மியர் பாக்குறவன், அந்தப் பழக்கத்துல இருந்து சொல்றேன். உங்க அம்மாவோட ஸ்லைடை நான் பாக்கல, அதனால அவங்களுக்கு இதுதான்னு இங்க முடிவு சொல்ல மாட்டேன், எதை எதோட சேர்த்து பாக்கணும், எதுக்கு பயப்பட வேண்டாம்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல அளவு. நல்ல சிவப்பணு 7.5ல இருந்து 8 மைக்ரான் அகலம், ஓரத்துல 2 இல்ல 2.5 மைக்ரான் தடிமன், ரெண்டு பக்கமும் குழிஞ்சு நடுவுல 1 மைக்ரான்தான் இருக்கும். ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. இந்த செல் போக வேண்டிய தந்துகிகள், அதாவது ரொம்ப மெல்லிய ரத்தக்குழாய்கள், நிறைய இடத்துல 5 மைக்ரான், சில இடத்துல அதுக்கும் கீழ. அதாவது வழியை விட வண்டி பெருசு. அதனால உள்ள நுழையும்போதே செல் மடங்கி நீண்டு, முன்பக்கம் கூம்பி பின்பக்கம் குழிஞ்சு போகுது, வெளிய வந்ததும் ஒரு வினாடியில ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு நேரத்துல பழைய வட்டத்தட்டா ஆயிடுது. சும்மா இருக்கும்போது உடம்பு முழுக்க ஒரு சுத்து சுத்த ஒரு நிமிஷம்னு வெச்சா, 120 நாள் ஆயுசுல ஒண்ணரை லட்சம் தடவைக்கு மேல இந்த மாதிரி நசுங்கி திரும்புது. அதுக்குள்ள நியூக்ளியஸ் கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது, புதுசா ஒரு புரதம்கூட செஞ்சுக்க முடியாது, எலும்பு மஜ்ஜையில இருந்து கிளம்பும்போது கையில இருந்த சாமான வெச்சேதான் கடைசி வரைக்கும் ஓட்டணும். எனக்கு இன்னமும் இதை நினைச்சா ஆச்சரியமாத்தான் இருக்கு.

இது எப்படி முடியுதுன்னா மூணு காரணம், இந்த மூணை மனசுல வெச்சிக்கிட்டா ரிப்போர்ட்ல வர்ற எல்லா பேரும் தானா புரிஞ்சிடும். முதல் காரணம், செல்லுக்கு தேவைக்கு மேல தோல் இருக்கு. செல்லோட கொள்ளளவு சுமார் 90 ஃபெம்டோலிட்டர், உங்க ரிப்போர்ட்ல எம்சிவின்னு வர்றது இந்தக் கணக்குதான். இந்த அளவை ஒரு உருண்டையா அடைக்க 97 சதுர மைக்ரான் தோல் போதும், ஆனா செல்லுக்கு இருக்கிறது 135, 140 சதுர மைக்ரான், அதாவது நாப்பது சதவீதம் கூடுதல். தண்ணி பாக்கெட்டை பாதி நிரப்பி கட்டினா எந்த இடுக்குலயும் அமுக்கி நுழைச்சிடலாம், முழுசா நிரப்பினா அமுக்கினதும் வெடிக்கும், அதே கணக்குதான் இங்கயும். அந்தக் குழிவு இருக்கிறதே இந்த உபரி தோலோட அடையாளம்.

ரெண்டாவது காரணம் தோலுக்கு அடியில இருக்கிற வலை. மேல இருக்கிற கொழுப்புப் படலத்தை மட்டும் எடுத்துக்கிட்டா அது வளையும், ஆனா பரப்பளவு மூணு நாலு சதவீதத்துக்கு மேல இழுத்தா கிழிஞ்சிடும். அதை தாங்குறது ஸ்பெக்ட்ரின்னு ஒரு நீளமான புரதம், ஆறு பக்க கண்ணிகளா வலை மாதிரி பின்னி, ஆங்கிரின்ங்கிற புரதம் வழியா பேண்ட் 3ங்கிற புரதத்துல கொக்கி போட்டு மாட்டியிருக்கும். ஸ்பெக்ட்ரினை முழுசா நீட்டினா 200 நானோமீட்டர் வரும், செல்லுக்குள்ள அதுல பாதிக்கும் கம்மியா சுருங்கித்தான் இருக்கு, அதனால செல்லை இழுத்தா வலை விரியும், விட்டா சுருங்கி உருவத்தை திரும்ப கொண்டுவரும். நீங்க கேட்ட "திரும்ப வருமா"ங்கிறதுக்கு பதில் பெரும்பாலும் இந்த வலை ஒழுங்கா இருக்கா இல்லையாங்கிறதுலதான் இருக்கு.

மூணாவது உள்ள இருக்கிற சரக்கு. செல்லுக்குள்ள ஹீமோகுளோபின் கரைசல் ரொம்ப அடர்த்தி, டெசிலிட்டருக்கு 32ல இருந்து 36 கிராம் வரைக்கும், ரிப்போர்ட்ல எம்சிஎச்சி. இவ்வளவு அடர்த்தியிலயும் அது நீர்மமா இருக்கிறதாலதான் செல் மடங்குது, 36ஐ தாண்டி போகப் போக வேகமா கெட்டியாகும். அதனால தண்ணி அளவை காக்குறதுக்கு செல் தன்னோட ஏடிபியை, அதாவது எரிபொருளை, செலவழிச்சு சோடியத்தை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு. இதுல கொஞ்ச வருஷம் முன்னாடி தெரிய வந்த ஒரு விஷயம் பீசோ1ங்கிற வாசல், 2010ல ஆர்டெம் பட்டாபூட்டியன் குழு கண்டுபிடிச்சது, அவருக்கு 2021ல நோபல் கிடைச்சது. செல்லை நசுக்கினா அந்த வாசல் திறந்து கொஞ்சம் கால்சியம் உள்ள வரும், கால்சியம் வந்தா கார்டோஸ் சேனல்னு இன்னொரு வாசல் திறந்து பொட்டாசியம் வெளிய போகும், கூடவே தண்ணியும் போகும். இந்த பீசோ1 பிறவியிலயே மூட லேட் ஆச்சுன்னா செல் நிரந்தரமா காஞ்சு போய் சிதையும், ஹெரிடிட்டரி ஸீரோசைட்டோசிஸ்னு பேர், அந்த சம்பந்தம் 2012ல உறுதியாச்சு. ஆரோக்கியமான செல்லும் ஒவ்வொரு தந்துகியிலயும் இதே வழியில கொஞ்சம் தண்ணியை விட்டு மெலிஞ்சுதான் நுழையுதாங்கிறது இன்னும் விவாதத்துல இருக்கு, லேப்ல பாத்ததை வெச்சு இருக்கலாம்னு சொல்றாங்க, உடம்புக்குள்ள அப்படியே நடக்குதுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன்.

இந்த மூணையும் சோதிக்கிற இடம் மண்ணீரல். அங்க ஒரு பகுதி ரத்தம் தந்துகி வழியா போகாம திறந்தவெளியில கொட்டி, சுவர்ல இருக்கிற இடுக்கு வழியா திரும்ப ரத்தக் குழாய்க்குள்ள ஏறணும், அந்த இடுக்கோட அகலம் ஒரு மைக்ரான் இல்ல அதுக்கும் கம்மி. 8 மைக்ரான் செல் அதுல நுழையணும். நுழைய முடியாததை பக்கத்துல உக்காந்திருக்கிற மேக்ரோஃபேஜ்ங்கிற துப்புரவு செல் தின்னுடும். வயசான செல்களை உடம்பு கழிச்சு எடுக்கிற வழிகள்ல இது முக்கியமானது.

செல்லோட இந்த வளைவை புதுசா யாரும் கண்டுபிடிக்கல, 1670கள்லயே லீவன்ஹூக் தான் செஞ்ச மைக்ராஸ்கோப்ல பாத்து, சின்ன குழாய்ல போகும்போது ரத்த உருண்டைகள் நீள்வட்டமாகி, அகலமான இடத்துக்கு வந்ததும் திரும்ப வட்டமாகுதுன்னு எழுதியிருக்கார். ஏன் ரெண்டு பக்கமும் குழிஞ்ச வடிவம்ங்கிறதுக்கு பாடப்புத்தகத்துல ஆக்சிஜன் சீக்கிரம் உள்ள போய் வர்றதுக்குன்னு இருக்கும். அது பொய் இல்ல, ஆனா முழு பதிலும் இல்லைங்கிறது என் கருத்து, ஏன்னா ஆக்சிஜன் கைமாறுற தந்துகிக்குள்ள செல் அந்த வடிவத்துலயே இருக்கிறது இல்ல. கொழுப்புப் படலம் வளையுறதுக்கு ஆகுற சக்தியை குறைச்சா தானா இந்த வடிவம் வரும்னு 1970ல கேன்ஹம், 1973ல ஹெல்ஃப்ரிக் கணக்கு போட்டு காட்டினாங்க, அது பெரும்பாலும் ஏத்துக்கிட்ட விஷயம். வலையும் மயோசின்னு ஒரு இழுவிசை புரதமும் அதுல எவ்வளவு பங்கு வகிக்குதுங்கிறதுல இன்னும் ஆராய்ச்சி போயிட்டிருக்கு.

இப்போ உங்க ரிப்போர்ட்டுக்கு வரேன். பர் செல், எக்கினோசைட்னும் சொல்வோம், அந்தப் பேர் மார்செல் பெஸிஸ்ங்கிற பிரெஞ்சு ரத்தவியலாளர் வெச்சது. சுத்திலும் ஒரே சீரா சின்னச் சின்ன முள்ளு வெச்ச மாதிரி இருக்கும். இது வர்றதுக்கு காரணம் கொழுப்புப் படலத்தோட ரெண்டு அடுக்கு. வெளி அடுக்கு உள் அடுக்கை விட கொஞ்சம் அகலமாச்சுன்னா படலம் வெளிய துருத்தும், முள்ளு வரும், உள் அடுக்கு அகலமாச்சுன்னா ஒரு பக்கமா குழிஞ்சு கிண்ணம் ஆகும், இதை 1974ல ஷீட்ஸ், சிங்கர் ரெண்டு பேரும் சொன்னாங்க, இன்னைக்கு வரைக்கும் அடிப்படை விளக்கம் அதுதான். வித்தியாசம் ஒரு சதவீதம் அளவுல இருந்தாலே போதும். காரத்தன்மை கூடினா முள்ளு, அமிலம் கூடினா கிண்ணம், ஏடிபி தீர்ந்தா முள்ளு. கண்ணாடி ஸ்லைடுல பட்டாலே சில செல்லுல முள்ளு வரும், நல்ல பிளாஸ்மாவுல திரும்ப போட்டா சரியாயிடும். அதனால ஆரம்பக் கட்டத்துல இருக்கிற பர் செல் முழுக்க திரும்பக்கூடிய மாற்றம், அந்த செல் செத்துப்போகல.

நடைமுறையில என்ன நடக்குதுன்னா, ஊதா மூடி ட்யூப்ல, அதாவது ரத்தம் உறையாம இருக்க ஈடிடிஏங்கிற மருந்து போட்ட ட்யூப்ல எடுத்த ரத்தம் கலெக்ஷன் சென்டர்ல இருந்து மெயின் லேபுக்கு வர்றதுக்குள்ள பல மணி நேரம் ஆயிடும், நம்ம ஊர் வெயில்ல பைக்ல பெட்டியில வரும், ஸ்மியர் அதுக்கப்புறம்தான் இழுப்பாங்க. அப்படி வந்த ஸ்லைடுல பர் செல் இருந்தா நான் முதல்ல சந்தேகப்படுறது ட்யூபைத்தான். ஸ்லைடு காயுறது லேட்டானாலும், ட்யூப்ல ரத்தம் கம்மியா எடுத்து ஈடிடிஏ ஜாஸ்தியானாலும் இதே கதை. ஒரு ஸ்லைடுல பாக்குற இடமெல்லாம் எல்லா செல்லும் முள்ளா இருந்தா அநேகமா அது ட்யூப்ல வந்த மாற்றம், நல்ல வட்டமான செல்களுக்கு நடுவுல அங்கங்க இருந்தா கொஞ்சம் யோசிக்கணும். கிட்னி வேலை செய்யாம யூரியா ஏறினவங்களுக்கு பர் செல் வர்றது உண்மைதான், ஆனா அதை முடிவு பண்றது ஸ்மியர் இல்ல, கிட்னிக்கு பாக்குற ரெண்டு டெஸ்ட், ரத்தத்துல கிரியாட்டினினும் சிறுநீர்ல ஆல்புமினும். அம்மாவுக்கு சுகர் இருக்கிறதால இந்த ரெண்டும் வருஷத்துக்கு ஒரு தடவை எப்படியும் பாக்க வேண்டியது, பாக்கலன்னா இப்பவே பாத்துடுங்க, அது நார்மலா இருந்தா அந்த பர் செல் வரியை மறந்துடலாம். சந்தேகம் இருந்தா லேப்லயே போய் உக்காந்து ரத்தம் குடுத்து உடனே ஸ்மியர் இழுக்கச் சொல்லுங்க, பாதி கேள்வி அங்கயே தீர்ந்துடும்.

பென்சில் செல் வேற ஜாதி. அது மெலிஞ்சு நீளமா, நடுவுல வெளுத்து இருக்கும், இரும்புச்சத்து குறைவுல அடிக்கடி பாக்குறது. இந்த செல்லை யாரும் நசுக்கி நீட்டல, மஜ்ஜையில உருவாகும்போதே ஹீமோகுளோபின் பத்தாம சின்னதா, சரக்கு கம்மியா வெளிய வந்தது. அனைசோபோய்கிலோசைட்டோசிஸ்ங்கிற அந்த நீளமான வார்த்தை நோயோட பேர் இல்ல, செல்கள் அளவுலயும் உருவத்துலயும் கலவையா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். இந்த செல்கள் பழையபடி வராது, அதுதான் நேர்மையான பதில், ஆனா அது கவலைப்பட வேண்டிய பதில் இல்ல, ஏன்னா இரும்பு குடுத்ததும் மஜ்ஜை ஒழுங்கான செல்களை அனுப்ப ஆரம்பிக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல ரெட்டிகுலோசைட், அதாவது புதுசா வந்த இளம் சிவப்பணு, ஏறும், மூணு நாலு வாரத்துல ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏறணும், பழைய செல்கள் தன்னோட காலம் முடிஞ்சு ஒவ்வொண்ணா போயிடும். அதுக்கு முன்னாடி உடம்புல இரும்பு சேமிப்பு எவ்வளவுன்னு காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட் பாத்து இரும்புதான் குறைவுன்னு உறுதி பண்ணிக்கோங்க, எம்சிவி கம்மியா இருக்கிறதுக்கு தலசீமியா ட்ரெயிட்ங்கிற பிறவிக் குறையும் காரணமா இருக்கலாம், அதுக்கு இரும்பு மாத்திரை உதவாது.

இதுல ரெண்டு விஷயத்தை நான் அழுத்தியே சொல்றேன். 58 வயசுல மாதவிடாய் நின்ன ஒரு அம்மாவுக்கு இரும்பு குறையுதுன்னா, சாப்பாடு சரியில்லைன்னு சொல்லி டானிக் குடுத்து விட்டுடக் கூடாது. ரத்தம் எங்கயோ கசியுதான்னு பாக்கணும், இரைப்பைப் புண், மூலம், வலி மாத்திரையால வர்ற அரிப்பு, குடல்ல கட்டி வரைக்கும் இருக்கலாம், எண்டோஸ்கோபி கொலனோஸ்கோபி தேவையான்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. நம்ம வீடுகள்ல அம்மாக்கள் தன்னோட அசதியையும் மலத்துல ரத்தம் போறதையும் சொல்ல மாட்டாங்க, கேட்டுத் தெரிஞ்சுக்கணும். இன்னொண்ணு சுகர் சம்பந்தப்பட்டது. எச்பிஏ1சிங்கிறது செல்லோட ஆயுசு முழுக்க ஒட்டின சர்க்கரையை அளக்குறது, இரும்புக் குறைவுல அது உண்மையை விட கூட காட்டும், செல் சீக்கிரம் சிதையுற நோய்கள்ல கம்மியா காட்டும். அதனால இப்போ வந்திருக்கிற ஏ1சியை மட்டும் வெச்சு மாத்திரையை கூட்டாதீங்க, வெறும் வயித்துல, சாப்பிட்டதுக்கு அப்புறம்னு பாக்குற அளவுகளையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

உண்மையிலயே திரும்ப முடியாத உருவ மாற்றம் எதுன்னு கேட்டா, நான் முதல்ல சொல்றது ஸ்பீரோசைட், அதாவது உருண்டை செல். ஹெரிடிட்டரி ஸ்பீரோசைட்டோசிஸ்ல ஆங்கிரின், பேண்ட் 3, ஸ்பெக்ட்ரின் இதுல ஒண்ணு பிறவியிலயே குறைவு, வலைக்கும் படலத்துக்கும் நடுவுல இருக்கிற கொக்கி பலமில்லாம போகும், படலம் துளித்துளியா பிஞ்சு போகும். கொள்ளளவு ஏறக்குறைய அப்படியே, தோல் மட்டும் குறையும், உபரி தோல் போச்சுன்னா குழிவும் போச்சு, செல் உருண்டையாயிடும். மைக்ராஸ்கோப்ல சின்னதா, நடுவுல வெளுப்பே இல்லாம அடர் சிவப்பா தெரியும். மண்ணீரல் இடுக்குல நுழைய முடியாது, அங்கயே சிதையும், மஞ்சள் காமாலை, பித்தப்பைக் கல்லு, வீங்கின மண்ணீரல் எல்லாம் இதுல இருந்து வர்றதுதான். மண்ணீரலை எடுத்துட்டா செல் உருவம் மாறாது, உருண்டையாவேதான் இருக்கும், ஆனா ரத்தசோகை நல்லாவே தணிஞ்சிடும், அதாவது அந்த செல் மத்த எல்லா வழியிலயும் போகத் தெரிஞ்சது, அந்த ஒரு இடுக்குலதான் தோத்துச்சு. ஆனா ஸ்பீரோசைட்டை பாத்ததும் பிறவி நோய்னு எழுதிடவும் கூடாது, ஆன்டிபாடி ஒட்டின செல்லை மேக்ரோஃபேஜ் கடிச்சு கடிச்சு எடுத்தாலும் இதே உருண்டைதான் மிஞ்சும், ஓ குரூப் அம்மாவுக்கு ஏ இல்ல பி குரூப்ல பொறந்த மஞ்சள் காமாலை குழந்தைகள்ல இதை நாங்க அடிக்கடி பாக்குறோம். உருவம் ஒண்ணு, காரணம் ரெண்டு, அதை பிரிக்கிறது செல்லுல ஆன்டிபாடி ஒட்டியிருக்கான்னு பாக்குற கூம்ப்ஸ் டெஸ்ட். அதே மாதிரி மேல சொன்ன ஸீரோசைட்டோசிஸ்லயும் செல் சிதையுது, ஆனா அதுல மண்ணீரலை எடுத்தா ரத்தம் உறையுற ஆபத்து பயங்கரமா ஏறும், ஸ்மியரை அவசரமா படிச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

வலையோட கொக்கி பலமா இருந்து, ஸ்பெக்ட்ரின் ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடம் மட்டும் பலமில்லாம இருந்தா எலிப்டோசைட், அதாவது நீள்வட்ட செல், வரும். இதுல செல் மஜ்ஜையில இருந்து வட்டமாத்தான் வெளிய வருது, தந்துகியில திரும்பத் திரும்ப நீண்டு நீண்டு ஒரு கட்டத்துல சுருங்கவே முடியாம நீள்வட்டமாவே தங்கிடுது. பெரும்பாலானவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, வேற எதுக்கோ எடுத்த ரத்தத்துல தற்செயலா தெரியும்.

தோலும் வலையும் நல்லா இருந்து உள்ள இருக்கிற சரக்கு கெட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு சிக்கிள் செல். 1910ல சிகாகோல ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடாவுல இருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரோட ரத்தத்துல அரிவாள் மாதிரி செல்கள் இருக்கிறதை எழுதினார், 1949ல லைனஸ் பாலிங் குழு ஹீமோகுளோபினே வேறங்கிறதை காட்டுச்சு, அதுக்கப்புறம் வெர்னான் இங்கிராம் பீட்டா சங்கிலியில ஆறாவது இடத்துல குளுட்டாமிக் ஆசிடுக்கு பதிலா வேலின் உக்காந்திருக்கிறதை கண்டுபிடிச்சார். இந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட்டதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீளமான நாரா வளரும், நார் செல்லை உள்ள இருந்து குத்தி நீட்டும். ஆக்சிஜன் திரும்ப கிடைச்சா நார் கரைஞ்சு செல் வட்டமாகும், அதனால இதுவும் முதல்ல திரும்பக்கூடியதுதான், ஆனா திரும்பத் திரும்ப இது நடந்து வலை சேதமாகி தண்ணியும் போயிட்டா ஆக்சிஜன் குடுத்தாலும் அரிவாளாவே நிக்கும். நார் உருவாக கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுக்குள்ள செல் தந்துகியை தாண்டிட்டா தப்பிச்சிடும், அடர்த்தி கொஞ்சம் கூடினாலும் அந்த நேரம் பல மடங்கு குறைஞ்சிடும், இந்த நோயாளிகள்கிட்ட தண்ணி குடிங்க தண்ணி குடிங்கன்னு நாங்க கெஞ்சுறது அதனாலதான். ஹைட்ராக்சியூரியா குடுத்தா குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் கூடி நார் வளர்றதை தடுக்கும். இது ஆப்பிரிக்க நோய்னு நினைச்சிடாதீங்க, இந்தியாவுல 1952ல லேமன், கட்புஷ் ரெண்டு பேரும் முதல்ல பதிவு பண்ணினதே நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான். ஒன்றிய அரசோட சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலையில ஆரம்பிச்சது. வலியும் அடைப்பும் வர்றதுக்கு உருவம் மட்டும் காரணம் இல்ல, செல் ரத்தக்குழாய் சுவர்ல ஒட்டுறது, வெள்ளை அணுக்கள், சிதைஞ்ச செல்லுல இருந்து கசியுற ஹீமோகுளோபின் எல்லாமே சேருது, எது எவ்வளவுங்கிறதுல இன்னும் ஒரே கருத்து வரல.

வெளிய இருந்து வெட்டுப்பட்ட துண்டு செல்கள்னு ஒண்ணு இருக்கு, ஷிஸ்டோசைட், சின்ன ரத்தக்குழாய்க்குள்ள உறைஞ்ச நார்லயோ கசியுற செயற்கை வால்வுலயோ மோதி கிழிஞ்சது. இது ஸ்மியர்ல தெரிஞ்சா நாங்க ரிப்போர்ட் டைப் அடிக்கக் காத்திருக்காம வார்டுக்கு போன் பண்ணிடுவோம், கண்ணாடி விரியன் கடிச்சவங்களுக்கு கிட்னி பாதிக்கும்போது இதை பாக்குறோம். உங்க ரிப்போர்ட்ல அது இல்ல.

சுகர் இருக்கிறவங்களோட சிவப்பணு விறைப்பா ஆகுமான்னும் உங்களுக்கு தோணலாம். கட்டுப்பாடு இல்லாத சுகர்ல செல்லோட வளையும் தன்மை குறையுறதை லேப்ல பல பேர் அளந்திருக்காங்க, அது வரைக்கும் சரி. கண்ணுலயும் கிட்னியிலயும் வர்ற பாதிப்புக்கு அந்த விறைப்புதான் காரணமாங்கிறது நிரூபணம் ஆகல, சுவரும் கெட்டுப்போறதால எது முதல்னு பிரிக்கிறது கஷ்டம். இதை வெச்சு ரத்தத்தை இளக்குற பொடி, சிவப்பணுவை சரிபண்ற கேப்ஸ்யூல்னு விக்கிறவங்ககிட்ட மாட்டிக்காதீங்க. விரல்ல குத்தி ஒரு சொட்டு எடுத்து, கவர் ஸ்லிப் போட்டு பெரிய ஸ்கிரீன்ல "உங்க ரத்தம் பாருங்க எப்படி முள்ளு முள்ளா இருக்கு"ன்னு காட்டுறதும் இப்போ நடக்குது. கண்ணாடி பட்டாலே முள்ளு வரும்னு மேல சொன்னேனே, அதைத்தான் நோய்னு காட்டி காசு வாங்குறாங்க, மனசு கொதிக்குது எனக்கு.

கடைசியா அந்த பழைய ரத்தம். பிளட் பேங்க்ல 2ல இருந்து 6 டிகிரியில, சேர்மானத்தை பொறுத்து 35 இல்ல 42 நாள் வரைக்கும் வெப்பாங்க. நாள் ஆக ஆக ஏடிபி குறையும், செல் முள்ளாகும், அப்புறம் படலத்தை துளித்துளியா இழந்து உருண்டையை நோக்கி போகும், முள்ளு வரைக்கும் போனது உடம்புக்குள்ள போனதும் பெரும்பாலும் மீளும், உருண்டையானது மீளாது. அதனாலதான் ஏத்தி 24 மணி நேரம் கழிச்சும் 75 சதவீத செல்லாவது ஓடிக்கிட்டிருக்கணும்னு ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க. இதை மைக்ராஸ்கோப்ல பாக்குற எங்களுக்கே புது ரத்தம்தான் நல்லதுன்னு தோணும், ஆனா 2015ல ஏபிள், 2016ல 20 ஆயிரம் பேருக்கு மேல சேர்த்து நடந்த இன்ஃபார்ம் மாதிரி பெரிய ஆய்வுகள்ல புதுசு ஏத்தினவங்களுக்கும் பழசு ஏத்தினவங்களுக்கும் இறப்புல வித்தியாசம் வரல. அதனால காலாவதி ஆகாத, அம்மா ரத்தத்தோட பொருந்துதான்னு கிராஸ்மேட்ச் பண்ணின பையை தேதி பாத்து வேண்டாம்னு சொல்ல காரணமில்ல. அதை விட முக்கியம், நிலையா இருக்கிற ஒருத்தருக்கு பொதுவா ஹீமோகுளோபின் 7 கிராமுக்கு கீழ போனாத்தான் ரத்தம் ஏத்துறதை யோசிக்கிறாங்க, இதய நோய் இருந்தா 8. அம்மா 9.1ல நடமாடிக்கிட்டு இருக்காங்க, நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், கருப்பா மலம் போறது இதெல்லாம் இல்லைன்னா இப்போதைக்கு பை எதுவும் தேட வேண்டாம், ஃபெரிட்டினும் கிரியாட்டினினும் குடுத்துட்டு ரெண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு உங்க டாக்டரை பாருங்க.